பாதி பில்லில் கரண்ட் போனால்? எஸ்க்யூஎல் டிரான்சாக்‌ஷனை ஒழுங்காகப் போடுவது எப்படி

ஒரு மொத்த மளிகைக் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்த புதிதில் நடந்தது. காலையிலேயே கடைக்காரரிடமிருந்து போன். "தம்பி, நேத்து சாயங்காலம் போட்ட ஒரு பில்லுல ஒன்பது ஐட்டம் இருக்கு, ஆனா ஆறுக்குத்தான் ஸ்டாக் குறைஞ்சிருக்கு. மீதி மூணும் குடோன்லயே இருக்கிற மாதிரி காட்டுது." முந்தின நாள் மழை, கரண்ட் போயிருக்கிறது, யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. என் புரோகிராம் பில்லை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு பொருளாக எடுத்து இருப்பைக் குறைத்துக்கொண்டே போகும். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் மெஷின் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

தப்பு கரண்டு மேல் இல்லை, என் மேல்தான். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருளிலும் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஆட்டோகமிட் என்ற ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கும். டிரான்சாக்‌ஷன் என்பது முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரு கட்டு. ஆட்டோகமிட்டில் ஒவ்வொரு குவெரியும் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) தனித்தனி டிரான்சாக்‌ஷன், ஓடி முடித்த கையோடு நிரந்தரமாகிவிடும். பத்து குவெரிகள் சேர்ந்தால்தான் ஒரு பில் என்பது உங்களுக்குத் தெரியும், டேட்டாபேஸுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்வது ரொம்ப எளிது. ஆரம்பத்தில் பிகின் (மைஎஸ்க்யூஎல்லில் ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன் என்றும் போடலாம்), நடுவில் உங்கள் குவெரிகள், எல்லாம் சரியாக முடிந்தால் கமிட், இடையில் எங்காவது உதைத்தால் ரோல்பேக். கமிட் போடுவதற்கு முன்னால் சர்வர் செத்துப்போனால் திரும்ப எழுந்ததும் தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் லாக் ஃபைலைப் பார்த்து, கமிட் ஆகாததையெல்லாம் தானே ஒதுக்கித் தள்ளிவிடும். கமிட் "ஆயிற்று" என்று பதில் வந்த பிறகு செத்தால், அதே லாக்கை வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அந்தக் கடையில் இது மட்டும் இருந்திருந்தால் அந்த பில் முழுதாக இருந்திருக்கும், இல்லை மொத்தமாகவே இல்லாமல் போயிருக்கும், இன்னொரு தடவை பில் போட்டிருப்பார்கள்.

இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே, அதற்காகவே 1998-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. எல்லா இன்டர்வியூவிலும் கேட்கும் அந்த "ஆசிட்" என்ற சுருக்கத்தை (டிரான்சாக்‌ஷனுக்கு இருக்க வேண்டிய நான்கு குணங்கள்) 1983-இல் வைத்தவர்கள் ஹேர்டர், ராய்ட்டர் என்ற இரண்டு ஜெர்மன்காரர்கள். அந்த நான்கு எழுத்துக்கும் விரிவாக்கம் ஒப்பிப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. பிகினும் கமிட்டும் போட்ட பிறகும் கணக்கு எங்கெல்லாம் உதைக்கும் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன்.

பிகின் போட்டும் போடாத மாதிரி

முதலில் டேபிள் எந்த எஞ்சினில் (டேட்டாவை உள்ளே சேமிக்கும் பகுதி) இருக்கிறது என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 5.5 முதல் தானாக வருவது இன்னோடிபி, அது டிரான்சாக்‌ஷனுக்குக் கட்டுப்படும். ஆனால் அதற்கு முந்தைய காலத்து டேட்டாபேஸை யாராவது அப்படியே தூக்கிவந்திருந்தால் உள்ளே மைஐசாம் டேபிள்கள் கிடக்கும். அதில் பிகின் போட்டால் ஒரு எர்ரரும் வராது, ரோல்பேக் போட்டாலும் எர்ரர் வராது, ஒரு வார்னிங் மட்டும் ஓரமாக வரும், அதை உங்கள் புரோகிராம் படிக்கவே படிக்காது. எழுதியது எழுதியதுதான். ஷோ டேபிள் ஸ்டேட்டஸ் என்று ஒரு தடவை அடித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா?

அடுத்தது கனெக்‌ஷன். டிரான்சாக்‌ஷன் என்பது ஒரு கனெக்‌ஷனோடு ஒட்டியது. கனெக்‌ஷன் பூல் (திறந்து தயாராக வைத்திருக்கும் பல கனெக்‌ஷன்களின் கூட்டம்) வைத்திருந்து, பிகினை ஒரு கனெக்‌ஷனிலும் அடுத்த அப்டேட்டை பூல் எடுத்துக்கொடுத்த வேறொரு கனெக்‌ஷனிலும் அனுப்பினால், இரண்டாவது ஆட்டோகமிட்டில் ஓடிவிடும். முதலாவது திறந்தே கிடக்கும். நோட்ஜேஎஸ்ஸில் எழுதும் பிள்ளைகள் இதில் அடிக்கடி விழுவதைப் பார்க்கிறேன். பூலிலிருந்து ஒரு கனெக்‌ஷனைக் கையில் வாங்கிக்கொண்டு, கமிட்டோ ரோல்பேக்கோ முடியும்வரை அதையே பிடித்திருந்து, அப்புறம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு ஃபங்ஷன் பிகின் போட்டுவிட்டு இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும், அதுவும் உள்ளே பிகின் போடும். மைஎஸ்க்யூஎல் இந்த இரண்டாவது பிகினைப் பார்த்ததும் முதல் டிரான்சாக்‌ஷனைச் சத்தமில்லாமல் கமிட் செய்துவிட்டு புதிதாக ஆரம்பிக்கும். போஸ்ட்கிரெஸ் ஒரு வார்னிங் கொடுத்துவிட்டு பழையதையே தொடரும். உள்ளே உள்ள ஒரு பகுதியை மட்டும் தனியாகத் திரும்பப்பெற வேண்டுமென்றால் அதற்கு சேவ்பாயின்ட் இருக்கிறது. என் பழக்கம், பிகினும் கமிட்டும் மேல்மட்ட ஃபங்ஷனில் மட்டும்தான், உள்ளே கூப்பிடப்படுபவை கனெக்‌ஷனை வாங்கிக்கொண்டு வேலையை மட்டும் பார்க்கும்.

ஆல்டர் டேபிள், கிரியேட் டேபிள், டிரங்கேட் இவற்றை மைஎஸ்க்யூஎல்லில் டிரான்சாக்‌ஷன் நடுவில் போட்டால் அதுவரை செய்ததெல்லாம் உடனே கமிட் ஆகிவிடும். ஆரக்கிளிலும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸ்ஸில் இவற்றையும் ரோல்பேக் செய்யலாம், அந்த ஒரு காரணத்துக்காகவே டேபிள் மாற்றும் ஸ்கிரிப்டுகளை அதில் ஓட்டும்போது நான் நிம்மதியாக இருப்பேன்.

எர்ரர் வந்தால் யார் என்ன செய்வார்கள்

ஐந்து குவெரியில் மூன்றாவது தவறுகிறது என்று வையுங்கள், டூப்ளிகேட் கீ (ஏற்கனவே இருக்கும் எண்ணையே மறுபடி எழுதுவது) மாதிரி ஏதோ ஒன்று. மைஎஸ்க்யூஎல் அந்த ஒரு குவெரியை மட்டும் தள்ளிவிட்டு டிரான்சாக்‌ஷனைத் திறந்தே வைத்திருக்கும். நீங்கள் எர்ரரைக் கவனிக்காமல் மற்ற இரண்டையும் ஓட்டி கமிட் போட்டால் ஐந்தில் நான்கு நிரந்தரமாகிவிடும், அதாவது கரண்ட் போன அன்றைய அதே கதை, இந்த முறை கரண்ட் போகாமலே. போஸ்ட்கிரெஸ் கறார் பேர்வழி: ஒன்று தவறினால் மொத்த டிரான்சாக்‌ஷனும் கெட்டது, அதற்குப்பின் எதை அனுப்பினாலும் ரோல்பேக் வரும்வரை ஏற்காது. அந்த நிலையில் கமிட் அனுப்பினால்கூட அதை ரோல்பேக்காகத்தான் செய்யும்.

மைஎஸ்க்யூஎல்லில் இதைவிட மோசமான ஒன்று உண்டு. வேறொருவர் பூட்டி வைத்திருக்கும் ஒரு ரோவுக்காக (டேபிளின் ஒரு வரி) காத்திருந்து 50 விநாடி ஆகிவிட்டால் (அதுதான் தானாக இருக்கும் அளவு) 1205 என்ற எர்ரர் வரும். பார்க்கும் யாரும் டிரான்சாக்‌ஷன் முழுவதும் ரத்தானதாகத்தான் நினைப்பார்கள். இல்லை, அந்தக் குவெரி மட்டும்தான் ரத்து, முன்னால் செய்தவை அப்படியே பாக்கி. ஆகவே எந்த எர்ரர் வந்தாலும் கேட்ச் பகுதியில் (எர்ரரைக் கவனிக்கும் கோடு) முதல் வேலை ரோல்பேக், அதன் பிறகுதான் லாக் எழுதுவதும் மெசேஜ் காட்டுவதும்.

இரண்டு கவுன்டர், பன்னிரண்டு மூட்டை

இனிமேல் வருவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். முதல் பிரச்சினைக்குப் பிறகு எல்லா இடத்திலும் பிகின், கமிட் போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இரண்டு மாதம் கழித்து தீபாவளி சீசன். துவரம் பருப்பு இருப்பில் 12 மூட்டை. முதல் கவுன்டரில் ஒரு ஹோட்டல்காரர் 8 மூட்டை கேட்கிறார், அதே நேரம் இரண்டாவது கவுன்டரில் இன்னொருவருக்கு 8 மூட்டை. என் புரோகிராம் என்ன செய்தது என்று விநாடி விநாடியாகப் பாருங்கள்.

முதல் கவுன்டர் பிகின் போட்டு, இருப்பு எவ்வளவு என்று செலக்ட் செய்கிறது: 12. இரண்டாவது கவுன்டரும் பிகின் போட்டு செலக்ட் செய்கிறது: அதற்கும் 12. முதலாவது "12, எட்டு போனால் 4" என்று பிஎச்பி கோடுக்குள் கழித்துப் பார்த்து, இருப்பை 4 ஆக்கு என்று அப்டேட் செய்து கமிட் போடுகிறது. இரண்டாவதும் அதே கணக்கைப் போட்டு, அதே 4-ஐ எழுதி, கமிட் போடுகிறது. இரண்டும் டிரான்சாக்‌ஷன்தான், இரண்டும் முழுதாகத்தான் முடிந்தன, ஒரு எர்ரர் கிடையாது. பன்னிரண்டு மூட்டையில் பதினாறு விற்றாயிற்று, ஸ்டாக்கில் இன்னும் 4 மூட்டை இருப்பதாகக் காட்டுகிறது. குடோன் பையன் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

கோளாறு எங்கே? படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில். பிகின் போட்டதால் அந்த இடைவெளி மூடிவிடும் என்று நான் நம்பியிருந்தேன், நிறைய பேர் இன்னும் நம்புகிறார்கள். சாதாரண செலக்ட் யாரையும் தடுக்காது. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றிலும் தானாக இருக்கும் ஐசொலேஷன் அளவு (ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்‌ஷன்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு பிரிந்திருக்கும் என்பது) ரீட் கமிட்டெட், அதில் இது நடக்கும். மைஎஸ்க்யூஎல்லில் தானாக இருப்பது ரிப்பீட்டபிள் ரீட், பெயரைப் பார்த்தால் பாதுகாப்பாகத் தெரியும், அதிலும் இது நடக்கும். அதே ரிப்பீட்டபிள் ரீட்டை போஸ்ட்கிரெஸ்ஸில் வைத்தால் இரண்டாவது அப்டேட்டுக்கு எர்ரர் கொடுத்து நிறுத்திவிடும். ஒரே பெயர், இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குப் பிடித்த வழி, கழித்தலை டேட்டாபேஸிடமே விட்டுவிடுவது. படித்து, கோடில் கணக்குப் போட்டு, எழுதுவதற்குப் பதிலாக ஒரே குவெரி. நம் எழுத்திலேயே எழுதினால் இப்படி இருக்கும்:

அப்டேட் ஸ்டாக் செட் இருப்பு = இருப்பு - 8 வேர் பொருள்எண் = 114 அண்ட் இருப்பு >= 8

ஓட்டிவிட்டு எத்தனை ரோ மாறியது என்று கேளுங்கள். 1 என்றால் மூட்டை உங்களுடையது. 0 என்றால் போதுமான சரக்கு இல்லை, ரோல்பேக் போட்டுவிட்டு பில் போடுபவரிடம் சொல்லிவிடலாம். இரண்டு கவுன்டரும் ஒரே நேரத்தில் இதை அனுப்பினால், முதலில் வந்தது ரோவைப் பிடித்துக்கொள்ளும், மற்றது அது கமிட் போடும்வரை நிற்கும், பின்பு புதிய இருப்பான 4-ஐப் பார்த்து, நிபந்தனை பொருந்தாமல் 0 என்று திரும்பும். (போஸ்ட்கிரெஸ்ஸில் ரிப்பீட்டபிள் ரீட் வைத்திருந்தால் மட்டும் 0-க்குப் பதில் எர்ரர் வரும்.) அந்த எண்ணிக்கையைச் சரிபார்க்க மறந்தால் எல்லாம் வீண், இதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எல்லாக் கணக்கும் ஒரு வரியில் அடங்காது. வாடிக்கையாளருடைய கடன் வரம்பு, பழைய பாக்கி, இந்த பில் தொகை எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றால் செலக்ட் குவெரியின் கடைசியில் ஃபார் அப்டேட் என்று சேருங்கள். அந்த ரோவை நான் மாற்றப்போகிறேன், முடிக்கும்வரை வேறு யாரும் தொடாதீர்கள் என்று துண்டு போட்டு வைப்பது அது. இன்னொரு கவுன்டர் அதே ரோவை ஃபார் அப்டேட் என்று கேட்டால் நிற்கும். ஒருவர் துண்டு போட்டு, மற்றவர் சாதாரண செலக்டில் படித்து எழுதினால் பயனில்லை, அந்த ரோவைத் தொடும் எல்லாக் கோடும் ஒரே வழியில் வர வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் கூடுதலாக ஒரு கவனம்: வேர் நிபந்தனையில் இருப்பதற்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இல்லையென்றால், தேடும் வழியில் பார்த்த ரோக்கள் எல்லாவற்றையும் பூட்டிவிடும். ஒரு ஆளுக்கு பில் போட மொத்தக் கடையும் நிற்கும்.

இந்த மைஎஸ்க்யூஎல் ரிப்பீட்டபிள் ரீட்டில் தலையைச் சுற்றவைக்கும் இன்னொரு விஷயம், ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் சாதாரண செலக்ட் பழைய படத்தை (முதல் செலக்ட் போட்ட நேரத்து நிலையை) காட்டும், அடுத்த வரியில் அதே செலக்டை ஃபார் அப்டேட்டோடு போட்டால் இப்போதைய நிஜத்தைக் காட்டும். 12 என்றும் 4 என்றும் இரண்டு பதில். எனக்கு முதல் தடவை ஒரு மதியம் முழுக்கப் போயிற்று. முடிவெடுக்கப் பயன்படும் எண்ணை ஃபார் அப்டேட் மூலம் மட்டும் படியுங்கள்.

சீரியலைசபிள் என்ற கடைசி ஐசொலேஷன் அளவை வைத்தால் இதெல்லாம் வேண்டாமே என்று கேட்கலாம். வைக்கலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் 9.1 முதல் அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் மோதல் வந்தால் 40001 என்று எர்ரர் கொடுக்கும், மறுபடி முயல்வது உங்கள் பொறுப்பு.

அப்புறம், ஸ்டாக் டேபிளில் இருப்பு 0-க்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டுவிடுங்கள். கோடில் எத்தனை ஓட்டை இருந்தாலும் மைனஸ் இருப்பு வராது. மைஎஸ்க்யூஎல் 8.0.16-க்கு முந்தையது என்றால் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், வெர்ஷன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவரை ஒருவர் பார்த்து நிற்பது

பூட்ட ஆரம்பித்ததும் டெட்லாக் வரும். முதல் கவுன்டர் பில்லில் பருப்பு முதலில், சர்க்கரை அடுத்து. இரண்டாவது கவுன்டரில் சர்க்கரை முதலில், பருப்பு அடுத்து. அவர் பருப்பைப் பிடித்துக்கொண்டு சர்க்கரைக்கு நிற்கிறார், இவர் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு பருப்புக்கு நிற்கிறார், ஒற்றைப் பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு மாட்டு வண்டி மாதிரி. டேட்டாபேஸ் இதைக் கண்டுபிடித்து ஒருவரை வெளியே தள்ளும். இன்னோடிபி உடனே பார்த்துவிடும், எர்ரர் எண் 1213, இந்த முறை மொத்த டிரான்சாக்‌ஷனும் ரத்து. போஸ்ட்கிரெஸ் ஒரு விநாடி பொறுத்துவிட்டுத் தேடும், அதன் குறியீடு 40பி01.

இதற்கு வைத்தியம் அதிசயமாக எளிது. பில்லில் எந்த வரிசையில் இருந்தாலும், அப்டேட் செய்யும் முன் பொருள் எண்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். எல்லோரும் பருப்பு, அப்புறம் சர்க்கரை என்று ஒரே திசையில் போனால் இந்த வகை மோதல் வராது. அப்படியும் எப்போதாவது வேறு வழியில் வரும். அப்போது கொஞ்சம் பொறுத்து, பிகினிலிருந்து, படித்த எண்களையும் புதிதாகப் படித்து, மறுபடி முயலுங்கள். மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். தவறிய அந்த ஒரு குவெரியை மட்டும் மறுபடி அனுப்புவது பெரிய தப்பு, அதற்கு முன்னால் செய்தவை ரத்தாகிவிட்டன என்பதை மறந்துவிடக்கூடாது.

உள்ளே எதை வைக்கக்கூடாது

எஸ்எம்எஸ், வாட்ஸாப், பேமென்ட் கேட்வே அழைப்பு இவை எதுவும் பிகினுக்கும் கமிட்டுக்கும் நடுவில் வேண்டாம். "உங்கள் பில் ரூ. 18,400" என்று எஸ்எம்எஸ் போனபிறகு ரோல்பேக் ஆனால், எஸ்எம்எஸ்ஸை யார் திரும்ப வாங்குவது? தவிர, அந்தப் பக்கத்து சர்வர் பதில் சொல்ல 20 விநாடி எடுத்தால் 20 விநாடியும் உங்கள் ரோக்கள் பூட்டியே இருக்கும். நான் செய்வது, "அனுப்ப வேண்டியவை" என்று ஒரு டேபிள். பில்லோடு அதே டிரான்சாக்‌ஷனில் அதிலும் ஒரு ரோ எழுதிவிடுவேன். கமிட் ஆன பிறகு தனியாக ஓடும் ஒரு புரோகிராம் அதைப் பார்த்து அனுப்பிவிட்டு "அனுப்பியாச்சு" என்று குறிக்கும். அனுப்பிவிட்டுக் குறிப்பதற்குள் அது செத்தால் ஒரே எஸ்எம்எஸ் இரண்டு தடவை போகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பணம் சம்பந்தப்பட்டது என்றால் பொறுக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து அந்தப் பக்கம் இரண்டாவதை நிராகரிக்கும்படி வைக்க வேண்டும்.

மனிதருக்காகக் காத்திருப்பதும் அப்படியே. பிகின் போட்டு ஸ்கிரீனைக் காட்டிவிட்டு, பில் போடுபவர் டீ குடித்து வந்து "சரி" அழுத்தும்வரை டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைப்பது கொடுமை. போஸ்ட்கிரெஸ்ஸில் இப்படிக் கிடக்கும் ஒரு டிரான்சாக்‌ஷன் அப்படியொரு பழைய படம் பிடித்து வைத்திருந்தால் பழைய ரோக்களைக் குப்பை அள்ளக்கூட விடாது, டேபிள் ஊதிக்கொண்டே போகும். 9.6 முதல் சும்மா கிடப்பதைக் குறிப்பிட்ட நேரத்தில் வெட்டிவிடும் செட்டிங் இருக்கிறது, போட்டுவையுங்கள்.

பில் நம்பர்

இது பல பேர் கேட்பது. ஜிஎஸ்டி விதி 46-இன்படி இன்வாய்ஸ் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது. டேட்டாபேஸ் தானாக ஏற்றிக்கொடுக்கும் ஆட்டோ இன்கிரிமென்ட் எண்ணை அப்படியே பில் நம்பராக வைத்தால், ஒவ்வொரு ரோல்பேக்குக்கும் ஒரு எண் காணாமல் போகும், ஏனென்றால் அந்த எண் ரோல்பேக்கில் திரும்பி வராது. போஸ்ட்கிரெஸ்ஸின் சீக்வென்ஸும் அப்படித்தான். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள், இல்லையென்றால் ஒரு எண்ணுக்காக எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

நமக்கோ நின்றுதான் ஆக வேண்டும். ஒரே ஒரு ரோ உள்ள "கடைசி பில் எண்" டேபிள் வைத்து, அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அதை ஒன்று கூட்டி எடுங்கள். ரோல்பேக் ஆனால் எண்ணும் திரும்பிவிடும். இந்த ரோவுக்கு எல்லா கவுன்டரும் போட்டி போடும் என்பதால் இந்த வேலையைக் கடைசியில் வையுங்கள்: முதலில் ஸ்டாக் எல்லாம் குறைத்து, கடன் வரம்பு பார்த்து, முடிந்தபின் எண்ணை எடுத்து, பில்லை எழுதி, உடனே கமிட். நான் முதலில் இதை ஆரம்பத்திலேயே வைத்திருந்தேன், இரண்டு கவுன்டரும் ஒன்றன்பின் ஒன்றாக பில் போட்டுக்கொண்டிருந்தன, "சாஃப்ட்வேர் ஸ்லோ" என்று பெயர் வேறு.

சரி, எழுதியது வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு டெர்மினல் விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, இரண்டிலும் பிகின் போட்டு, மேலே சொன்ன பருப்புக் கதையைக் கையாலேயே ஒவ்வொரு வரியாக அடித்துப் பாருங்கள். ஒரு விண்டோ நின்று காத்திருப்பதையும், மற்றதில் கமிட் அடித்ததும் அது நகர்வதையும் கண்ணால் பார்த்தால் பத்துப் பக்கம் படித்ததைவிடப் புரியும். அப்புறம் டெஸ்ட் மெஷினில் 9 ஐட்டம் பில் ஒன்று போட்டு, ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் ஒரு 30 விநாடி ஸ்லீப் வைத்து, அந்த நேரத்தில் டேட்டாபேஸ் சர்வரை கில் செய்யுங்கள். திரும்ப ஏற்றிப் பார்க்கும்போது பில்லும் இருக்கக்கூடாது, ஆறு ஐட்டத்தின் ஸ்டாக்கும் குறைந்திருக்கக்கூடாது. நான் இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் கடைக்காரருக்கு போன் போட்டேன், அவர் அதற்குள் புது யூபிஎஸ் வாங்கியிருந்தார்.